பேஸ்பால் பிள்ளைகளும் கிரிக்கெட் அப்பாக்களும்

ஏப்ரல் வந்துவிட்டால் ஐசலின், எடிசன் பக்கம் உள்ள நம் வீடுகளில் இரண்டு வேலைகள் தவறாமல் வரும். ஒன்று வருமான வரிக் கணக்கு, மற்றது பேஸ்பால். மெட்ரோபார்க்கில் ரயிலை விட்டு இறங்கிய அப்பாக்கள், கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்க, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மைதானத்துக்கு வந்து கம்பி வலைக்குப் பின்னால் நிற்கிறார்கள். அம்மாக்கள் ஃப்ளாஸ்கில் காபியும் தோளில் போர்வையுமாக வருகிறார்கள் (நியூ ஜெர்சி ஏப்ரலைப் பற்றித் தெரியாதா என்ன!). வலைக்கு அந்தப் பக்கம் எட்டு வயது, பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாமல் பேட்டைப் பிடித்து நிற்கிறார்கள். பார்க்க நிறைவான காட்சிதான். ஆனால் வலைக்குப் பின்னாலிருந்து தமிழில் எழும் குரல்களைக் கேட்டால்தான் எங்களுக்குச் சற்றுக் கவலையாக இருக்கிறது.

"காலை முன்னால போட்டு அடிடா!"

"பந்துகிட்ட போ, பந்துகிட்ட!"

"வெயிட்டை முன்னாடி கொண்டு வா!"

சேப்பாக்கத்தில் இவை மூன்றும் நல்ல அறிவுரைகள். பேஸ்பால் மைதானத்தில் இவற்றை அப்படியே பின்பற்றும் பிள்ளைக்கு அடியும் சரியாக விழாது, நாளடைவில் முதுகுக்கும் கேடு வரலாம். ஆரோக்கியப் பக்கத்தில் விளையாட்டு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் எங்கள் பதில். உடல் எடையை எந்த நொடியில் முன்காலுக்கு மாற்றுவது என்பது கோச்சின் கவலை மட்டுமல்ல, வளரும் எலும்பின் கவலையும்கூட.

கிரிக்கெட்டில் பந்து தரையில் விழுந்து எழும்புகிறது. அது எங்கே விழப்போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் முன்காலா, பின்காலா என்று முடிவு செய்கிறோம். முடிவுக்குப் பிறகு கால் போகிறது, காலோடு சேர்ந்து மட்டையும் போகிறது. 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் நம் ஸ்ரீகாந்த், ராபர்ட்ஸின் பந்தை ஒரு முழங்காலை மடக்கி ஸ்கொயர் டிரைவ் அடித்ததை நம் தலைமுறை மறக்குமா? அந்த இறுதி ஆட்டத்திலேயே அதிக ரன் அவர் எடுத்த 38 தான். பந்தை நோக்கி உடம்பு முழுவதையும் கொண்டுபோய்ச் சேர்த்த அடி அது. அதைப் பார்த்து வளர்ந்த அப்பாக்கள் மகனிடமும் அதையே எதிர்பார்ப்பது இயல்புதான்.

பேஸ்பாலில் பந்து தரையில் படுவதில்லை. நேரே காற்றில் வருகிறது. சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு சிறு கட்டத்துக்குள் நின்றுதான் அடிக்க வேண்டும். பந்தைத் தேடிக்கொண்டு போக வழியும் இல்லை, தேவையும் இல்லை. எனவே முன்காலின் வேலையே இங்கு வேறு. பந்தை எட்டுவதற்காக அது நகரவில்லை, பிறகு வரப்போகும் சுழற்சிக்கு ஓர் ஊன்றுகோல் நடுவதற்காக நகர்கிறது. பந்து பாதி வழியில் இருக்கும்போதே கால் தரையில் இருக்க வேண்டும். அடிப்பதா, விடுவதா என்ற முடிவு அதற்குப் பிறகுதான். அதாவது, கிரிக்கெட்டில் முடிவு முதலில், கால் பிறகு. இங்கே கால் முதலில், முடிவு பிறகு. எங்கள் பார்வையில், அப்பாக்களும் பிள்ளைகளும் மோதிக்கொள்வது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்மவர்களுக்குக் கணக்கு என்றால் சம்மதம்தானே! லிட்டில் லீக்கில் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பந்து வீசும் தூரம் 46 அடி. பெரியவர்களுக்கு 60 அடி 6 அங்குலம். வீசுகிற பையன் ஓர் எட்டு முன்னால் வந்து வீசுவதால் உண்மையில் பந்து கடக்கும் தூரம் ஏறக்குறைய 42 அடி. மணிக்கு 50 மைல் வேகத்தில் வரும் பந்து அதைக் கடக்க 0.57 நொடி ஆகும். அதே பையன் அதே கைவீச்சில் 40 மைலில் மெதுவாக ஒன்றை விட்டால் 0.72 நொடி ஆகும். வித்தியாசம் ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு. முதல் பந்துக்காக எடை முழுவதையும் முன்காலில் கொட்டிவிட்ட பிள்ளை, இரண்டாவது பந்து வந்து சேரும்போது கொட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு நிற்கும். மேஜர் லீக்கில் 363 ஆட்டங்கள் வென்ற பந்து வீச்சாளர் வாரன் ஸ்பான், அடிப்பது என்பது நேரக் கணக்கு, வீசுவது என்பது அந்தக் கணக்கைக் கலைப்பது என்ற பொருளில் சொன்னதாகச் சொல்வார்கள். கலைக்கிறவன் கைக்கு எளிதாகச் சிக்குவது, அவசரப்பட்டு முன்னால் சாய்ந்துவிட்ட பிள்ளைதான்.

அப்படியானால் எடையை மாற்றவே கூடாதா? மாற்றத்தான் வேண்டும். எப்போது, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஊரில் ஆற்றங்கரையிலோ கிணற்றடியிலோ துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். துணியை முறுக்கித் தோளுக்குப் பின்னால் கொண்டு போகும்போது பாரம் பின்காலுக்குப் போகும். பிறகு முன்கால் ஊன்றும், இடுப்பு திரும்பும், தோள் திரும்பும், கடைசியில்தான் துணி கல்லில் விழும். கையால் மட்டும் அடித்தால் பத்துத் துணிக்கு மேல் தாங்காது என்பது அவர்களுக்குத் தெரியும். பேஸ்பால் அடியும் இதே வரிசைதான். பிட்சர் கையைச் சுழற்றும்போது பாரம் மெல்லப் பின்காலுக்குப் போகிறது. முன்கால் சிறிது தூக்கி, சிறிது முன்னால், மெதுவாகத் தரையைத் தொடுகிறது. வாசலில் போட்ட ஈரக்கோலம் கலையாமல் எப்படிக் கால் வைப்போமோ அந்த அளவு மெதுவாக. இந்த இடத்தில் தலையும் மார்பும் இரு கால்களுக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும், கைகள் பின்னாலேயே இருக்க வேண்டும். பந்தை அடிப்பது என்று தீர்மானித்த பிறகுதான் முன்குதிகால் அழுந்துகிறது, முன்கால் விறைக்கிறது, இடுப்பு சுழல்கிறது. அந்நாளைய பல்லவன் பஸ்ஸில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருக்கும் நாம் எப்படி வீசப்படுவோம்? கீழே நின்றுவிட்டது, மேலே இருப்பது பாய்கிறது. முன்கால் போடும் அந்த பிரேக்தான் பேட்டுக்கு வேகம் தருகிறது. தொழில்முறை ஆட்டக்காரர்களை அளந்து 1995இல் வெளியான ஓர் ஆய்வில், முன்கால் தரையில் ஊன்றும்போது உடல் எடையின் 123 விழுக்காடு விசை அதில் இறங்குவதாகக் கண்டார்கள். அதாவது தன் எடையை விடவும் கூடுதல்! இவ்வளவு விசை சரியான நேரத்தில் வந்தால் பந்துக்குப் போய்ச் சேரும். முன்கூட்டியே வந்துவிட்டால்?

அதுதான் ஆரோக்கியப் பக்கத்தின் கேள்வி. எடை முன்கூட்டியே போய்விட்ட பிள்ளைக்கு இடுப்பைச் சுழற்ற வழியில்லை. ஆனாலும் அடிக்க வேண்டும், அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். எனவே கையாலும் கீழ்முதுகாலும் திருகி அடிக்கிறது. முழங்கால் மடங்கி, முதுகு பின்னால் வளைந்து, அந்த வளைவிலேயே முறுக்கும் விழுகிறது. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் குழந்தை உடம்பு தாங்கிக்கொள்ளும். பனிக்காலம் முழுவதும் பேட்டிங் கேஜில் வாரம் நான்கு நாள், ஒரு நாளைக்கு 200 அடி என்று போனால்?

நம் வட்டாரத்தில் 12 வயதுப் பையன் ஒருவனுக்கு இப்படித்தான் ஆனது. கீழ்முதுகில் ஒரு பக்கம் வலி என்றான். பள்ளிப் பையின் கனம் என்று வீட்டில் நினைத்தார்கள். தைலம் தேய்த்தார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். தனியாகப் பணம் கொடுத்து வைத்திருந்த கோச், இன்னும் பலமாகச் சுழற்றச் சொன்னார். ஆறு வாரம் கழித்து எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பின் பின்பகுதியில் மயிரிழை விரிசல் என்றார். மூன்று மாதம் பேட்டைத் தொடவில்லை. இன்று நன்றாக இருக்கிறான், ஆனால் அந்த வசந்த காலம் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கைதட்டினான்.

பின்னால் வளைவதும் முறுக்குவதும் மீண்டும் மீண்டும் நிகழும் விளையாட்டுகளில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த விரிசல் வருவது மருத்துவர்களுக்குப் பழக்கப்பட்ட செய்தி. ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யும் பெண்களுக்கு வரும், கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசும் பையன்களுக்கு வரும். 2019இல் பும்ரா முதுகு விரிசலால் ஆட்டங்களிலிருந்து விலகியது நினைவிருக்கும். அதே மாதிரியான விரிசல்தான். பின்னால் சாயும்போது கூடும் முதுகுவலி இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் தைலத்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் சுளுக்கு, பேட்டின் அடிக்குமிழ் உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம் அழுத்துவதால் வரும் வலி ஆகியவையும் அடிப்பவர்களுக்கு வருபவை. பையன் அழவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று இருந்துவிட வேண்டாம். பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் வலியை மறைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர்.

இங்கே ஒரு வேடிக்கை. பந்து வீசும் பிள்ளையின் கையைக் காப்பாற்ற லிட்டில் லீக் 2007 முதல் எண்ணிக்கை வைத்திருக்கிறது. 9, 10 வயதுக்கு ஒரு நாளைக்கு 75 பந்து, 11, 12 வயதுக்கு 85. அதற்கு மேல் வீசக் கூடாது. கையின் மேல் இருக்கும் கவனத்துக்குக் காரணமும் உண்டு. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு 2024 செப்டம்பரில் முதல் ஆட்டம் ஆடிய குமார் ராக்கரை அறிவீர்கள். தாயார் லலிதா இந்திய வம்சாவளியினர், அவர் பிறந்த குடும்பத்தின் பெயர் பொன்னழகன். (பெயரைக் கேட்டதும் காது நிமிர்கிறதல்லவா!) 2021இல் நியூ யார்க் மெட்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தும், மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் செய்யாமல் விட்டுவிட்டது. 2023இல் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. கைக்கு இவ்வளவு ஆராய்ச்சி. ஆனால் ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை முறை பேட்டைச் சுழற்றுகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. எங்கள் கருத்தில் இது பெரிய குறை. லீக் எண்ணாவிட்டால் வீட்டில் நாம் எண்ணலாமே. களைத்த உடம்புதான் முதலில் சமநிலையை இழக்கிறது. கடைசி 50 அடிகள் பழக்குவது பெரும்பாலும் கெட்ட பழக்கத்தைத்தான்.

இதில் கோச்சுகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். 1941இல் .406 சராசரி எடுத்த டெட் வில்லியம்ஸ் 1970இல் எழுதிய புத்தகத்தில் இடுப்புச் சுழற்சிக்கே முதலிடம் கொடுத்தார். சார்லி லாவ் என்ற பயிற்சியாளர் 1980இல் வெளியான தம் புத்தகத்தில் பின்காலிலிருந்து முன்காலுக்கு எடை மாறுவதற்கு முதலிடம் கொடுத்தார். அதே ஆண்டு அவருடைய சீடர் ஜார்ஜ் பிரெட் .390 அடித்துக் காட்டினார். இன்றுவரை இரு கட்சிக்காரர்களும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுழற்சி இல்லாத எடை மாற்றமும், எடை மாற்றம் இல்லாத சுழற்சியும் பாதி அடிதான் என்பது எங்களுக்குப் படுகிறது. பத்து வயதுப் பிள்ளையை இந்தச் சண்டைக்குள் இழுக்க வேண்டியதில்லை. இரவு பதினொரு மணிக்குச் செல்பேசியில் பார்த்த வீடியோவைக் காலையில் பிள்ளைமேல் சோதிக்கும் பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடலாம்.

ஜப்பானின் சதாஹரு ஓ கதை இதைவிடப் பயனுள்ளது. 1961இல் அவர் அடித்த ஹோம் ரன் 13 மட்டுமே. பேட் எப்போதும் தாமதமாகவே வந்தது. 1962இல் பயிற்சியாளர் அரகவா அவரை முன்காலைத் தூக்கி, கொக்கு போல ஒற்றைக்காலில் நின்று காத்திருக்கச் சொன்னார். அந்த ஆண்டு 38. ஓய்வு பெறும்போது 868! ஒற்றைக்காலில் ஆடாமல் நிற்பதற்காக அவர் ஐகிடோ பழகினார், வாள் வீச்சும் பழகினார். இதற்கு நேர் எதிர், 703 ஹோம் ரன் அடித்த ஆல்பர்ட் பூஹோல்ஸ். கால்களை அகல வைத்து, முன்காலை ஏறக்குறைய நகர்த்தாமலே அடித்தவர். ஒருவர் காலை உயரத் தூக்கினார், ஒருவர் தூக்கவே இல்லை. ஆனால் பந்து வரும்வரை இருவருமே முன்னால் சரிந்துவிடவில்லை. நம் பிள்ளைக்கு எது வசதி என்பது பிள்ளையின் உடம்பைப் பொறுத்தது. பொதுவாகச் சிறு பிள்ளைகளுக்குச் சின்ன எட்டு போதும் என்றே நாங்கள் நினைக்கிறோம். காலை அதிகம் தூக்கினால் இறக்குவதற்கும் அதிக நேரம் வேண்டுமே.

வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் பேட். தீபாவளிச் சட்டையை இரண்டு சைஸ் பெரிதாக எடுத்து, "அடுத்த வருஷமும் போட்டுக்கலாம்" என்பது நம் குலவழக்கம். பேட்டில் அது வேண்டவே வேண்டாம். கனமான பேட்டைச் சுழற்ற முடியாத பிள்ளை, அதன் கனத்தைச் சமாளிக்கவே முன்னால் விழும் அல்லது பின்னால் வளையும். கடையிலேயே பேட்டை ஒரு கையால் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். 20 நொடிக்குள் கை நடுங்கி இறங்கினால் அது உங்கள் பிள்ளைக்கான பேட் அல்ல, விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் சரி.

இரண்டாவது, அடித்து முடித்ததும் அப்படியே சிலை போல நிற்கச் சொல்லி மூன்று வரை எண்ணுங்கள். தடுமாறாமல் நின்றால் சமநிலை சரி. ஒரு பக்கம் சாய்ந்தால் வேகத்தைக் குறைத்து மறுபடியும். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்கப் பழக்குவதும் நல்லது. செலவில்லாத பயிற்சி, கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே செய்வார்கள்.

மூன்றாவது அப்பாக்களுக்கே உரியது. சிறு வயதில் கிட்டிப்புள் ஆடியவர்கள் கையைத் தூக்குங்கள்! புள்ளைத் தட்டி எழுப்பிவிட்டு, அது இறங்கும்வரை காத்திருந்து அடித்தோமே, அந்தக் காத்திருப்புதான் பேஸ்பாலிலும் வேண்டும். பிள்ளைக்குப் பக்கவாட்டில் நின்று மெத்தென்ற பந்தைத் தூக்கிப் போடுங்கள். ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக, ஒன்று போடுவது போலக் கையை ஆட்டிவிட்டுப் போடாமல். கால் ஊன்றிக் கை காத்திருக்கப் பழகுகிறதா என்று மட்டும் பாருங்கள். எங்கே போய் விழுந்தது என்று பார்க்க வேண்டாம். நாளைக்கு 40, 50 போதும். சாஃப்ட்பால் ஆடும் பெண் பிள்ளைகளுக்கும் இதேதான். பந்து கீழிருந்து வருகிறது என்பதைத் தவிர அங்கும் கால் முதலில், கை பிறகு.

12, 13 வயதில் ஒரே கோடையில் மூன்று அங்குலம் வளர்ந்துவிடும் பிள்ளைக்கு, நேற்றுவரை சரியாக இருந்த நேரம் திடீரெனத் தப்பும். கால் நீண்டுவிட்டது, மூளை இன்னும் பழைய காலின் நீளத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. அதே சமயம் பந்து வீசும் தூரமும் நீள்கிறது. "போன வருஷம் நல்லா அடிச்சியே" என்ற பேச்சை அந்த ஓராண்டு தள்ளிவையுங்கள். பலர் ஆட்டத்தையே விடுவது இந்த வயதில்தான்.

கடைசியாக ஓய்வு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் சொன்னது இது: ஒரே விளையாட்டை ஆடும் பிள்ளைக்கு வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு, ஆண்டில் மொத்தம் மூன்று மாதமாவது அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு, அதை மாதம் மாதமாகப் பிரித்தும் எடுத்துக்கொள்ளலாம். வசந்த காலம், கோடைக்காலச் சுற்றுப்பயண அணி, இலையுதிர் காலம், பனிக்கால உள்ளரங்கு என்று பன்னிரண்டு மாதமும் பணம் கட்டி வைத்திருக்கும் பெற்றோர் இதைச் சற்று யோசிக்க வேண்டும். நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பாதிப் பேர் ஊருக்குப் போகிறோம். பேட்டையும் கிளவுஸையும் பெட்டியில் வைக்காமல் கராஜிலேயே விட்டுவிட்டுப் போங்கள். மாம்பலத்தில் பாட்டி வீட்டு மொட்டை மாடியில் பெரியப்பா பிள்ளைகளோடு டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடட்டும். "காலை முன்னால போட்டு அடிடா" என்று அங்கே அப்பாக்கள் தாராளமாகக் கத்தலாம்.